ரேவதி, மூன்று ஐம்பத்திரண்டு வரை

மணி இரண்டு நாற்பது. இன்னும் ஒரு மணி பன்னிரண்டு நிமிஷம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மாமனாருக்காக நிமிஷம் எண்ணிக்கொண்டிருக்கிறவளைப் பார்த்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் எண்ணுவது அவர் போவதற்காக இல்லை, போகாமல் இருப்பதற்காக. மூன்று ஐம்பத்திரண்டுக்குப் பிறகு அவர் போகலாம். ஐயோ, இப்படி ஒரு வார்த்தை என் மண்டைக்குள் எவ்வளவு சாதாரணமாக ஓடுகிறது, அனுமதி கொடுக்க நான் யார், கலெக்டரா? எதிர்ச் சுவரில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த தினசரிக் காலண்டர். இன்று புதன்கிழமை, ஐப்பசி மாதம், ரேவதி பிற்பகல் 3.52 வரை, பின்பு அசுவினி. காலையிலிருந்து அந்த ஒரு வரியை நூறு தடவை படித்திருப்பேன், ஒவ்வொரு தடவையும் அந்த ஐம்பத்திரண்டு எங்கேயாவது கொஞ்சம் குறைந்திருக்காதா என்றுதான். அதற்குக் கீழே ராசிபலன், ஒவ்வொரு ராசிக்கும் ஒரே ஒரு சொல். மேஷம் நன்மை, ரிஷபம் செலவு, கும்பம் பயணம். பயணமாம். மாமாவுக்கு என்ன ராசி என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, அவர் அம்மாவோடு அது போய்விட்டது, அதனால் அவர் கும்பம் இல்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். ரிஷபமாக இருக்கட்டும், செலவுக்கு நாங்கள் பழகியவர்கள். மூச்சு வருகிறது. இழுத்து, நின்று, பிறகு யாரோ ஞாபகப்படுத்தியது மாதிரி மறுபடி வருகிறது. நிற்கிற இடம் நேற்று நான் பத்து எண்ணும் வரைக்கும் இருந்தது, இன்று பதினாறு, பதினேழு.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை இல்லாதவள்தான் இப்படி உட்கார்ந்து காலண்டரைப் பார்க்கிறேன், ஏனென்றால் மாடியில் இருக்கிற வேதவல்லியக்காவுக்கு நம்பிக்கை இருக்கிறது, வீடு அவருடையது. சில நட்சத்திரங்களில் உயிர் போனால் வீட்டுக்கு அடைப்பு. அவிட்டத்தில் ஆரம்பித்து ரேவதி வரைக்கும் ஐந்து. இந்த ஐந்தில் ஏதாவது ஒன்றில் ஒருவர் இறந்தால் அவர் இறந்த அறையை ஆறு மாசம் பூட்டிவைத்து, சாயங்காலம் விளக்கு மட்டும் ஏற்ற வேண்டும், உடலை வாசல் வழியாகத் தூக்கக் கூடாது, சுவரை இடித்து அந்த ஓட்டை வழியாகத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அதே வீட்டில் இன்னொன்று விழும். சொல்கிறார்கள். மாமாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்து மூன்று வாரமாகிறது. டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்றபோது எந்த வீட்டுக்கு என்று கேட்க வேண்டும்போல இருந்தது. வாடகை வீட்டில் ஆணி அடிக்கக் கேட்க வேண்டும், விருந்தாளி மூன்றாம் நாளும் தங்கினால் சொல்ல வேண்டும், துணி காயப்போடுகிற கொடிக்குக்கூட நாள் கணக்கு உண்டு. சாவதற்கு யாரைக் கேட்பது? பதினோரு மாச அக்ரிமெண்டில் நாய் வளர்க்கக் கூடாது என்று இருக்கிறது, உள்வாடகைக்கு விடக் கூடாது என்று இருக்கிறது, இதைப் பற்றி ஒரு வரி இல்லை. பதினோரு வருஷமாக அதைப் புதுப்பித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், ஒரு தடவையும் எனக்கு இது தோன்றவில்லை. ஆம்புலன்சிலிருந்து மாமாவை இறக்கும்போது வேதவல்லியக்கா மாடிப்படியில் நின்று பார்த்தார். வழியில் கிடந்த செருப்பைக்கூட ஓரமாக எடுத்துவைத்தார். இரண்டு நாள் கழித்துத்தான் கையில் காலண்டரோடு இறங்கி வந்தார்.

"தமயந்தி, தப்பா நெனச்சுக்காத. இன்னும் ரெண்டு வாரத்துல, சனிக்கிழமை அவிட்டம் வருது. அதுக்கு முன்னாடி எங்கயாவது சேத்துடுங்க, இல்லன்னா வேற வீடு பாத்துக்கங்க" என்றார். என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தால் சட்டம் பேசுவார். "காலி பண்ண முடியாது, நீங்க கோர்ட்டுக்குப் போங்க" என்றார். அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "கோர்ட்டுல என்னிக்குத் தீர்ப்பு வரும்னு யாரு கண்டா முரளி, அவிட்டம் சனிக்கிழமையே வருதே" என்றார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனேன். பிறகு வீடு தேடினோம். புதுக்கோட்டையில் நான் ஏறி இறங்காத வீதி இல்லை. எல்லா வீட்டிலும் முதல் பத்து நிமிஷம் நல்லபடியாகப் போகும், தண்ணீர் எப்படி, எத்தனை பேர் என்று. மொத்தம் நாலு பேர், மாமனார் கொஞ்சம் உடம்பு முடியாமல் இருக்கிறார் என்றதும் அந்த வீட்டு அம்மாள் முகத்தில் ஒரு கதவு சாத்திக்கொள்ளும். எவ்வளவு முடியலை என்பார்கள். எவ்வளவு என்று நான் என்னத்தைச் சொல்ல? ஒரு வீட்டில் பொய் சொன்னேன், மூட்டு வலி என்று. அந்த வீட்டுக்காரர் "எந்த ஆஸ்பத்திரியில பாக்குறீங்க" என்று கேட்டார், நான் எழுந்து வந்துவிட்டேன். தெருவில் நின்று யோசித்தேன், அவர்கள் மேல் என்ன கோபம், நானே வீட்டுக்காரியாக இருந்தால் விடுவேனா? விட மாட்டேன். அது எனக்குத் தெரிந்ததுதான் எல்லாவற்றையும்விடக் கசந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்காவே இறங்கி வந்து ஒரு முடிவு சொன்னார். இருக்கட்டும், ஆனால் இந்த ஐந்து நாளுக்குள் ஏதாவது நடந்துவிட்டால் கருமாதியன்றே சாமானை எடுத்துவிட வேண்டும். ஐந்து நாளும் தாண்டிவிட்டால் பிறகு பேச்சே இல்லை. மகளுக்கு மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை. நான் சரி என்று தலையாட்டினேன். ஒரு உயிரின் மேல் இப்படி ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு இரண்டு பெண்களும் காபி குடித்தோம்.

இரண்டு ஐம்பத்தைந்து. உள்ளங்கால் காலையைவிடக் குளிர்ந்திருக்கிறது. தேய்த்துவிடுகிறேன். இந்த அறையின் கிழக்குச் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்குச் சிமெண்டுப் பூச்சு வேறு மாதிரி இருக்கும், எத்தனை சுண்ணாம்பு அடித்தாலும் அந்த விளிம்பு தெரியும். முன்பு சன்னல் இருந்திருக்கும் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டு அங்கே மகளின் அலமாரியை வைத்தோம். வெள்ளிக்கிழமைதான் அக்கா சொன்னார், அது அவர் வீட்டுக்காரரை எடுத்த வழி. சதயத்தில் போனவர். அப்போது அவர்கள் கீழேதான் குடியிருந்தார்கள். கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரை இடிக்கும்போது அக்கா இந்தக் கூடத்தில் தலைவிரி கோலமாக உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறார், ஒவ்வொரு அடிக்கும் அவருக்கு உடம்பு தூக்கிப் போட்டதாம். ஆறு மாசம் பூட்டி வைத்தார்கள், ஏழாவது மாசம் மாடிக்குக் குடிபோனார், எட்டாவது மாசம் பால் காய்ச்சி நாங்கள் உள்ளே வந்தோம். எங்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டோம், அதனால்தான் சொல்லவில்லை. இதைக் கேட்டபோது எனக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவர் அதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்காமல் அலமாரியைப் பார்த்துச் சொன்னார், அதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். கதவு திறந்துதான் இருந்தது, மாமா கேட்டிருக்கிறார். அக்கா போனபிறகு கை அசைத்துக் கூப்பிட்டார். ஒரு வாரமாகப் பேசாதவர், "எத்தன மணிக்கு முடியுதாம்மா?" என்றார். நான் தெரியாததுபோல எது மாமா என்றேன். "அதான், ரேவதி." காலண்டரைப் புரட்டிப் பார்த்து, புதன்கிழமை மூன்று ஐம்பத்திரண்டு என்றேன். "சரி" என்றார். அவ்வளவுதான். முப்பத்தொரு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர், எந்த டிரைவர் வந்து நேரம் சொன்னாலும் அதே "சரி"தான் சொல்லியிருப்பார், நோட்டில் எழுதிக்கொண்டு.

மூன்று மணி. மாடியில் சுவிட்சைத் தட்டுகிற சத்தம், மோட்டார் கிளம்பிவிட்டது. மாடிப்படிக்கு அடியில், இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் மோட்டார், ஓடினால் சன்னல் திட்டில் இருக்கிற டம்ளர் தண்ணீர்கூட நடுங்கும். மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறேன், போர்வை அசைகிறது, அது மின்விசிறியாகவும் இருக்கலாம். மாமாவுக்கு நேரம் மாற்றி எழுதத் தெரியாது. நான் கல்யாணமாகி வந்த வருஷம் ஒரு டிரைவர் அவர் சட்டையைப் பிடித்துவிட்டான், நாலு நிமிஷம் லேட்டை லேட் என்று எழுதிவிட்டார் என்று. கிழிந்த சட்டைப்பையை நான்தான் தைத்துக் கொடுத்தேன். "நாலு நிமிஷம் லேட்டுன்னா நாலு நிமிஷம் லேட்டுதானேம்மா" என்று ஆச்சரியமாகக் கேட்டார், அடி வாங்கிய கோபமே இல்லை. லேட்டைக்கூட மன்னிப்பார், முன்னாடியே எடுத்துவிடுகிற டிரைவரைத்தான் அவருக்குப் பிடிக்காது. நேரத்தை நம்பி ஓடிவருகிற ஜனம் ஏமாந்துபோகும் என்பார். வந்த முதல் வாரத்திலேயே எனக்கு அறந்தாங்கி போகிற பஸ் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அடுப்படியில் ஒட்டினார், அதிகாலை முதல் கடைசி வண்டி வரைக்கும். "ஊருக்குப் போகணும்னு தோணுச்சுன்னா யாரையும் கேக்க வேணாம், கெளம்பிடு." எந்த மாமனார் செய்வார்? அந்தத் தாளை நம்பித்தான் நான் இந்தக் குடும்பத்தில் தங்கினேன், எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று தெரிந்ததால் போகாமலே இருந்தேன். மோட்டார் நின்றுவிட்டது. அமைதி. எண்ணுகிறேன். பதினாறு, பதினேழு, பதினெட்டு. நிற்கிற இடம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். இருபத்தைந்து. எண்ணிக்கையை வேகமாக எண்ணிவிட்டேன், முதலிலிருந்து நிதானமாக எண்ணுகிறேன். முப்பது. ஐம்பது. தொண்ணூறு வரைக்கும் எண்ணினேன். மணி மூன்று பதிமூன்று.

பஞ்சைக் கொஞ்சம் பிய்த்து மூக்கருகே பிடித்தேன். அசைந்தது. வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது எனக்கு, பிறகுதான் தலைக்குமேல் மின்விசிறி ஞாபகம் வந்தது. எழுந்து போய் நிறுத்தினேன். அது சுற்றி ஓய்கிற வரைக்கும் காத்திருந்து மறுபடி பிடித்தேன். பஞ்சு அப்படியே இருந்தது. மறுபடி போய் மின்விசிறியைப் போட்டேன், அவருக்கு வேர்க்குமே என்று. ஆக, மோட்டார் ஓடிய அந்தப் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்துக்குள் எப்போதோ. எப்போது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பது ஒரு வசதி. தெரியாததை நான் எந்த நேரத்திலும் வைத்துச் சொல்லலாம், மூன்று ஐம்பத்தைந்து என்று சொன்னால் யார் நோட்டைத் திறந்து பார்க்கப்போகிறார்கள்? நோட்டு வைத்திருந்தவர்தான் இங்கே படுத்திருக்கிறார். மாமா, முப்பத்தொரு வருஷம் ஒரு நிமிஷம் கூட்டிக் குறைக்காத மனுஷன், உங்களுக்கு நான் நாற்பது நிமிஷம் மாற்றி எழுதப்போகிறேன். நீங்களும் சரி என்று சொன்னீர்களே, ஏன் முன்னாடியே எடுத்துவிட்டீர்கள்? இல்லை, அவரைக் குற்றம் சொல்லக் கூடாது, சனியிலிருந்து நாலரை நாள் அவர் பிடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும், ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்து நரம்பு புடைத்தது எனக்குத் தெரியும். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். அழுதால் சத்தம் வரும், சத்தம் வந்தால் நேரம் தெரிந்துவிடும். சன்னலில் நிழல். பின்போர்ஷன் சகுந்தலா, கையில் உலர்ந்த துணிகள். "தாத்தா எப்படி இருக்காரு அக்கா?" "தூங்குறாரு" என்றேன். என் குரல் எனக்கே நிஜம்போலக் கேட்டது. "பாவம், நிம்மதியாத் தூங்கட்டும்" என்று போனாள். அவருடைய கண் இமை பாதி திறந்திருந்தது, மூடிவிட வேண்டும், தாடையைக் கட்ட வேண்டும், கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்ட வேண்டும், இதெல்லாம் உடனே செய்வார்கள். நான் எதையும் செய்யாமல் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வீட்டுக்காகத்தானே இது என்று நினைத்தேன். இரண்டு அறை, ஒரு கூடம், நம்முடையதும் இல்லை. என் மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது, ஆனாலும் கடிகாரத்தைத்தான் பார்த்தேன்.

மூன்று முப்பதுக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம். வேதவல்லியக்கா மதியத் தூக்கம் முடிந்தால் இறங்கி வருவார், நான் மறந்தே போனேன். எழுந்து கதவைச் சாத்தலாமா, சாத்தினால் சந்தேகம் வரும், உட்கார்ந்தே இருந்தேன். அவர் கையில் ஒரு கிண்ணம், ஆறவைத்த கஞ்சித் தண்ணீர். "ரெண்டு ஸ்பூன் குடுத்துப் பாரு தமயந்தி, இன்னும் கொஞ்ச நேரந்தான்" என்றபடி உள்ளே வந்தவர் கட்டிலுக்கு இரண்டடி தள்ளி நின்றுவிட்டார். ஏற்கெனவே ஒருவரை இதே அறையில் பார்த்தவர், அவருக்குப் பஞ்சு தேவைப்படவில்லை. என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். முடிந்தது, இப்போது கத்துவார், தெருவைக் கூட்டுவார், கொத்தனாருக்கு ஆள் அனுப்புவார், கருமாதியன்று எங்கள் பீரோவும் மகளின் புத்தக மூட்டையும் தெருவில் நிற்கும். அவர் கத்தவில்லை. திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். வாசல் பக்கம் சகுந்தலா வந்து எட்டிப் பார்த்து, "என்னம்மா, கஞ்சி குடிக்கிறாரா?" என்று கேட்டாள். அக்கா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். ஸ்பூனில் தண்ணீரை எடுத்து மாமாவின் உதட்டில் விட்டார். அது உள்ளே போகாமல் வாயோரமாக வழிந்து கழுத்துக்கு இறங்கியது. தன் முந்தானையால் அதை மெதுவாகத் துடைத்தார். "குடிச்சிட்டாரு" என்றார் வாசலுக்குக் கேட்கும்படி. "நீ போ சகுந்தலா, ஆள் நடமாட்டம் இருந்தா அவருக்குத் தொந்தரவு." பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

அக்கா மாமாவின் கண்களை மூடி, இமைமேல் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் காலில் விழ வேண்டும்போல இருந்தது. தன் வீட்டுப் பெயர் கெடாமல் இருக்கத்தான் செய்கிறார் என்று ஒரு பக்கம் தோன்றியது, அப்படியென்றாலும் எனக்கென்ன, என் வீடும் அதே வீடுதானே. மூன்று நாற்பத்தெட்டுக்கு அவர்தான் பேசினார். "சுவரெல்லாம் வேணாம். வாசல் வழியாவே போகட்டும். ஆறு மாசம் இந்த ரூம்ல யாரும் படுக்க வேணாம், சாயங்காலம் ஒரு வெளக்கு மட்டும் வச்சிடு. யாராவது கேட்டா மாமா நெனப்புக்குன்னு சொல்லு." தலையாட்டினேன். "இன்னொண்ணு. இனிமே வேற வீடு பாக்குறேன் அது இதுன்னு கெளம்பிடாத." நான் நிமிர்ந்தேன். "ஒரு தடவ சொல்லாம வாடகைக்கு விட்டுட்டேன். பதினோரு வருஷமா உன் பொண்ணுக்குக் காச்சல்னா நான் மேல தூங்குனதில்ல. முரளி வர லேட்டானா படியில வந்து நின்னுக்குவேன், ஒனக்குத் தெரியாது. இன்னொரு குடும்பத்தக் கொண்டாந்து வச்சிட்டு மறுபடி அப்படி இருக்க என்னால ஆகாது. தெரிஞ்ச நாம ரெண்டு பேருமே இருந்துக்குவோம். நீ கடைசி வரைக்கும் இங்கயே இரு." கடைசி வரைக்கும் இங்கேயே இரு. எந்த வீட்டுக்காரரும் எந்தக் குடித்தனக்காரியிடமும் சொல்லாத வார்த்தை. பதினோரு வருஷமாக ஒவ்வொரு தடவை அக்ரிமெண்டில் கையெழுத்துப் போடும்போதும் நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அதுதான். கேட்டுவிட்டேன். கேட்ட அந்த நிமிஷம் என் மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, கட்டின புடவையோடு, இந்த வீட்டைவிட்டு ஓடிவிட வேண்டும் என்று இருந்தது. நம்பிக்கையில்லாதவள் நான். இன்னொன்று விழும் என்று யாரோ சொன்னது யாரைப் பற்றி என்று இப்போது நினைக்க ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை, ஐந்தரைக்கு ஷிப்ட் முடிந்து வண்டியில் வருகிற முரளி, டியூஷன் முடிந்து சைக்கிளில் வருகிற மகள். நாளைக்கும் வருவார்கள், அதற்கு மறுநாளும், நான் ஒவ்வொரு நாளும் வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருப்பேன். மாடிப்படியில் இன்னொருத்தி நிற்பாள். வேதவல்லியக்கா கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று ஐம்பத்திமூன்று. என் தோளைத் தொட்டு, "இப்ப அழு" என்றார். அழுதேன். எனக்குள் அவ்வளவு சத்தம் இருந்தது எனக்கே தெரியாது. சகுந்தலா ஓடிவந்தாள், எதிர்வீட்டுக்காரர்கள் வந்தார்கள், மாமனார்மேல் இவ்வளவு பாசமா என்று யாரோ என்னைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பாசம்தான். பாதி அழுகை அவருக்குத்தான். மீதியை நான் யாரிடம் சொல்ல முடியும், தெரிந்த ஒரே ஆள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதையேதான் அழுதுகொண்டிருந்தார்.